எட்டுச் சொற்களில் ஓர் எச்சரிக்கை

அந்தத் தாளில் இருந்தவை எட்டே சொற்கள். “வைகையில் தண்ணீர் திறந்து விடப்பட்டுள்ளது. கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்.” எழுதியது நான். எண்பதுகளின் தொடக்கம், ஐப்பசி மாதம். ஆரப்பாளையத்துக்கு மேற்கே ஆற்றோரத்து ஊர் ஒன்றில் வருவாய்த் துறையின் சிறிய அலுவலகம். அதில் நான் எழுத்தர். அணை திறப்பைப் பற்றித் தொலைபேசியில் வரும் செய்தியை எழுதித் தலையாரியிடம் வாசித்துக் காட்டுவேன். அவர் தெருத்தெருவாகத் தமுக்கடித்துச் சொல்வார். சொன்னதற்கு அத்தாட்சியாக ஊரில் இரண்டு பேரிடம் தாளின் பின்புறம் கையெழுத்து வாங்குவதும் என் வேலை. அன்று காலை வானொலியில், தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும் என்றார்கள். என் நாட்குறிப்பில் “வெயில். மேற்கே மட்டும் மூட்டம்” என்று இருக்கிறது. மழையெல்லாம் மலைப்பக்கம் கொட்டியிருந்தது. எங்கள் கண்ணுக்கு ஆறு வெறும் மணல்தான்.

தலையாரிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், குரல் மட்டும் கனம். அன்று நான் வாசித்து முடித்த பிறகும் நகராமல் நின்றார்.

“ஐயா, தண்ணி வருதுன்னு மட்டும் சொன்னா நம்ம சனம் தாம்பாளத்தத் தூக்கிக்கிட்டு ஆத்துக்குள்ளயில்ல இறங்கும்? ஆத்துப் பக்கம் வராதீகன்னு ஒரு வார்த்தை சேத்துக்கிறவா?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்காக அணையைத் திறக்கும்போதும் இதே தமுக்குத்தான், இதே குரல்தான். காய்ந்த மணலில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக ஊர்ந்து வரும். பிள்ளைகள் அதைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து கூட்டி வருவார்கள். பெண்கள் மஞ்சளும் பூவும் போட்டுச் சூடம் காட்டுவார்கள். தண்ணீர் வருகிறது என்றால் எங்கள் ஊருக்கு அது ஓடிப்போய் வரவேற்க வேண்டிய செய்தி. இது எனக்கும் தெரியும். ஆனால் மேலிடத்திலிருந்து வந்த செய்தியில் இல்லாத சொல்லைச் சேர்த்தால் விளக்கம் எழுத வேண்டியவன் நான். எழுதியதை மட்டும் சொல்லச் சொன்னேன்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர் பின்னால் போனேன். டீக்கடையில் ஒருவர் எழுந்து வந்து, நெற்றியில் கைவைத்து வெயிலைப் பார்த்துவிட்டு, “என்ன மாப்ள, ஐப்பசியிலயே அழகர இறக்குறியா?” என்றார். கடையே சிரித்தது. தலையாரி சிரிக்கவில்லை, எட்டுச் சொற்களையும் இன்னொரு முறை சொன்னார். கேலி பேசியவரே முதல் கையெழுத்தைப் போட்டார். இரண்டாவது கையெழுத்துக்கு ரேஷன் கடை வாசலில் நின்றபோது, தலையாரியின் மனைவி தாம்பாளத்துடன் ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். கூடவே அக்கம்பக்கத்துப் பெண்கள். தலையாரி முன்னே போயிருந்தார், மேலத்தெருவில் அவருடைய தமுக்குச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஐயாவும் வாங்க, புதுத்தண்ணி பாத்துட்டு வரலாம்” என்றார் அந்த அம்மாள்.

“நீங்க போங்க, வாரேன்” என்றேன். கடைக்காரர் அப்போது பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஐப்பசித் தண்ணீர் ஊர்ந்து வரவில்லை. லாரி ஒன்று இரைந்து வருவது போன்ற சத்தம் கேட்டு நான் கரையேறியபோது மணலே தெரியவில்லை. கரையை ஒட்டி நின்றவர்கள் ஏறிவிட்டார்கள். தண்ணீரை எதிர்கொள்ள நடு ஆறுவரை போன மூன்று பெண்களும் மறுநாள்தான் தரைப்பாலத்துக்குக் கீழே நாணலில் கிடைத்தார்கள். அந்த அம்மாள் அவர்களில் ஒருவர்.

விசாரணைக்கு வந்த அதிகாரி என் தாளைத் திருப்பி இரண்டு கையெழுத்துகளையும் பார்த்தார். அறிவிப்பு முறைப்படி செய்யப்பட்டிருக்கிறது என்று எழுதிக் கோப்பை முடித்தார். தலையாரியிடம் கேட்டது ஒரே கேள்வி: எழுதியபடியே சொன்னாயா?

“ஆமாங்கய்யா. என் சத்தத்தக் கேட்டுத்தான் அவளும் போயிருக்கா.”

ஒரு வார்த்தை சேர்க்கட்டுமா என்று என்னிடம் கேட்டதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தண்ணீர் வந்த நாளின் குறிப்பில், அந்த வெயில் வரிக்குக் கீழே, “அறிவிப்பு முடிந்தது. கையெழுத்து இரண்டு” என்று மட்டும் எழுதியிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் அந்தப் பக்கத்தில் வேறு ஒரு வரியும் சேர்க்க எனக்குக் கை வரவில்லை. இப்போது எச்சரிக்கை கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது, எத்தனை கன அடி என்பது உட்பட. அதைப் படித்துவிட்டுத்தான் பாலத்துக்குப் போகிறார்கள். சென்ற மழைக்காலத்தில் ஒருவர் குழந்தையைக் கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்த்தித் தண்ணீரைக் காட்டிக்கொண்டிருந்தார். இறக்கிவிடச் சொன்னேன். யார் இந்த ஆள் என்பது போல் பார்த்தார்.

அந்தச் சம்பவத்துக்கு மறுவருடம் கார்த்திகையில் திரும்பவும் தொலைபேசி வந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. “யாரும் ஆற்றுக்குள் இறங்காதீர்கள். மேட்டுக்குப் போய்விடுங்கள்” என்று முதலில் எழுதினேன். தண்ணீர் திறந்த செய்தியை அதற்குக் கீழே எழுதினேன். தலையாரியைக் கூப்பிட்டு வாசித்தேன். தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“இப்பச் சரியா இருக்குங்கய்யா” என்றார். தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அன்று ஆற்றுக்குள் ஒருவரும் போகவில்லை.