கண்ணீர் அஞ்சலியும் என் மீசையும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தென்காசிச் சந்தையில் மூட்டை தூக்கி முன்னுக்கு வந்து, இன்றைக்குக் கேரளத்துக்குக் காய்கறி அனுப்பும் லாரிகளுக்கு முதலாளி. லாரிகளை விட என் மீசை பிரபலம். எங்கள் ஊர் குத்துக்கல்வலசையில் அதைக் காட்டித்தான் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவார்கள்.

ஒரு மழைக்காலத்தில் மலைக்கு அந்தப் பக்கம் மண் சரிந்து பல உயிர்கள் போயின. என் லாரியும் டிரைவரும் அப்போது அங்கேதான். அவன் போன் அடிக்கவே இல்லை.

என் மனைவி ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தின் முன் வைத்தாள். என்ன நேர்த்திக்கடன் என்று கேட்டேன்.

"அவன் வரட்டும், சொல்லுதேன்" என்றாள்.

மூலையில் உட்கார்ந்து முணுமுணுப்பது எனக்கு ஆகாது. துக்கம் என்றால் நாலு பேர் பார்க்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு எதிரே பிளக்ஸ் வைத்தேன். எழுத்தை யார் நின்று படிக்கிறான்? அதனால் மகள் கல்யாணத்தில் எடுத்த என் படத்தை ஆள் உயரத்துக்குப் போடச் சொன்னேன். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே என் போன் நம்பர். மண்சரிவில் மாண்டவர்களுக்கு என்பது ஓரத்தில், பொடி எழுத்தில்.

"நம்ம பய இருக்கானா இல்லையான்னே தெரியல. அதுக்குள்ள அஞ்சலியா? கழட்டிட்டு வாங்க" என்றாள் மனைவி.

"ஏட்டி, அது செத்தவங்களுக்கு. இவனுக்கு இல்ல."

மறுநாள் காலையில் கடையநல்லூர் வியாபாரி ரோஜா மாலையோடு வந்து நின்றார். காப்பி டம்ளரோடு நான் எட்டிப் பார்த்ததும் மாலை அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"அண்ணாச்சி... இருக்கியளா?"

"இருக்கேன், உள்ள வாரும். பிளக்ஸப் பாத்தீரா? படம் எப்படி?"

"மாலை ஒண்ணுதான் குறையா இருந்துச்சு. அதான் கொண்டாந்தேன்."

அதற்குள் என் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தது என் மனைவி என்று நினைத்து ஒரே ஒப்பாரி.

"ஆச்சி! அண்ணாச்சி நம்மள விட்டுப் போயிட்டாவளே! முகாம்ல ஒருத்தன் வாட்ஸப்புல படத்தக் காட்டுதான்..."

டிரைவர்! "ஏலே, நான்தாம்லே பேசுதேன்!"

"ஐயோ!" என்று அலறினான். பிறகு மெதுவாக, "எங்கேருந்து பேசுதிய?" என்று கேட்டான்.

அவன் போன் வெள்ளத்தோடு போயிருக்கிறது. யார் நம்பரும் மனப்பாடம் இல்லை. பிளக்ஸில் பார்த்துத்தான் அடித்திருக்கிறான்.

"பாத்தியா, என் பிளக்ஸ் ஆளக் கண்டுபிடிச்சிட்டுல்லா" என்றேன் மனைவியிடம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் மஞ்சள் முடிச்சைக் கையில் எடுத்தாள். "அந்தப் படத்த அவன் கண்ணுல காட்டுனது யாரு? சாமி. அவன் வந்ததும் மொட்டைக்குக் கிளம்புங்க. உங்க தலையத்தான் நேர்ந்திருக்கேன்."

"மீசை?"

"அதுவுஞ் சேத்துத்தான். லேசுப்பட்டதக் குடுத்தா சாமி கேக்குமா?"

கடையம் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டு, டிரைவரோடு குற்றாலத்துக்குக் குளிக்கப் போனேன். மீசை இல்லாத என்னை ஒருவனுக்கும் அடையாளம் தெரியவில்லை. "பெருசு, தள்ளி நில்லும்" என்றான் ஒருத்தன். அருவி மண்டையில் மத்தளம் கொட்டியது. பக்கத்தில் அவன் உயிரோடு, குளிரில் பல் கிடுகிடுக்க, என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

அங்கே நான் அழுதேன். அருவிக்குள் அழுதால் ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.