பொட்டாசியத்தை இழுத்தவள்

மகளுக்குச் சளி. சிரப் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன். சரியான மருந்துதானா என்று கடையிலேயே பார்த்தாயிற்று. வீட்டுக்கு வந்தும் மனம் கேட்கவில்லை. 'குளோர், பெ, னி, ர, மின்' என்று உதடு தானாக நறுக்கத் தொடங்கியது.

இந்தப் பழக்கம் பிளஸ் டூவில் வந்தது. தொண்ணூறுகளில், மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தோம், நானும் கஸ்தூரியும். அப்பாவுக்கு அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை. அவள் வீட்டில் கரைவலை. கடலில் விட்ட வலையை மணலில் நின்று கயிறு பிடித்து இழுப்பார்கள். பத்தாவது வரை அவள் தமிழில் படித்தவள். ஆங்கிலத்திலேயே படித்த எனக்கும் வேதியியல் பேர்கள் வாயில் நுழையாது. பென்சிலால் அசை அசையாகக் கோடு போடுவேன். 'சயனோ'வில் கோடு எங்கே விழவேண்டும் என்று சந்தேகம் வரும். அழித்துவிட்டு மறுபடி போடுவேன். தாளில் ஓட்டை விழும்.

"இன்னாடி, பேரைக் கண்டம் கண்டமா வெட்டி வெச்சிகீற? மீனா இது?" என்பாள் கஸ்தூரி. "இழுக்கணும்டி. தானா வரும்."

பஸ் கம்பியை இரு கையாலும் பிடித்து, ஓர் இழுப்பு, ஒரு காலடி பின்னால், ஒரு மூச்சு. 'பொட்டா... சியம்... ஹெக்ஸா... சயனோ... ஃபெர்ரேட்.' மணலில் அவள் அண்ணன்கள் வைக்கும் அதே காலடி. பின்னால் நின்றவர் காலை மிதித்துவிடுவாள்.

"இன்னாம்மா, பஸ்ஸையே கரைக்கு இழுத்துனு போய்டுவியா?" என்றார் கண்டக்டர்.

சிரித்தேன், ஆனால் பயம்தான். செய்முறைத் தேர்வில் வெளியூர் ஆசிரியர் கேள்வி கேட்பார். அங்கே எதை இழுப்பாள்? அவளுக்கு நர்சிங் படிக்க ஆசை. "வாயத் தொறக்காம பெயிலாய்ட்டு வந்தா, மீன் கூடைய எடுத்துகினு என்கூட விக்க வந்துடுன்னு அம்மா சொல்லிகீது" என்று ஒருமுறை ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

தேர்வன்று அவளுக்குப் பிறகு நான். அந்த ஆசிரியர் ஒரு பாட்டிலைக் காட்டி முழுப் பேர் கேட்டார். கஸ்தூரி 'பொட்டா' என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள். மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி நின்றாள். அவர் பேனாவைத் திறந்தார். என் வாய்க்குள் பேர் முழுதாக இருந்தது, சொல்ல முடியாது. திடீரென்று அவள் மேசை விளிம்பைப் பிடித்தாள். இழுத்தாள். காலைப் பின்னால் வைத்தாள். 'ஃபெர்ரேட்' வரும்போது ஸ்டூலில் முட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"மேசைய விடும்மா, ஆசிட் இருக்கு" என்றார் அவர். "இன்னொண்ணு கேக்கட்டுமா?"

"கேளு சார். நடுவுலேந்து மட்டும் கேக்காத. எனுக்கு மொதல்லேந்துதான் வரும்."

அவர் சிரித்துவிட்டார். மதிப்பெண் போட்டார்.

கஸ்தூரி நர்ஸ் ஆனாள். சுனாமிக்குப் பிறகு அவர்கள் குப்பத்தில் அலைக்குத் தடுப்பாகக் கருங்கல் கொட்டினார்கள். வலை இழுக்க மணல் மிஞ்சவில்லை. அண்ணன்கள் மோட்டார் படகுக்குப் போய்விட்டார்கள். போன மாதம் மகளுக்குத் தடுப்பூசி போட நாவலூரில் அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் ஒரு மருந்தின் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொட்டாசியத்தைவிட நீளமான பேர். கோட்டுப் பையில் கைகளை விட்டபடி, ஒரே மூச்சில், பிசகில்லாமல் சொன்னாள்.

நான் அவள் கால்களைப் பார்த்தேன். இருந்த இடத்திலேயே இருந்தன.