முப்பத்தைந்து தாளில் ஓர் அருவி

தொடக்கப் பள்ளியில் ஓவியம் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு இரண்டு பீரியட் வேண்டும், ஒன்று வரைய, இன்னொன்று துடைக்க. கிடைப்பது என்னவோ ஒன்றுதான். என்னைப் போல அதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தென்காசியில் எங்கள் பள்ளியில் எனக்குத் தனி அறை கிடைத்ததே இந்த வருஷம்தான். அதையும் தலைமையாசிரியையான பெரிய டீச்சர் ஒரு நிபந்தனையோடுதான் கொடுத்தார். ஆகஸ்டில் வரும் பெற்றோர் கூட்டத்தில் உருப்படியாக எதையாவது காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அறை கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்விடும்.

சாரல் செய்த வேலை

மூன்றாம் வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகள். ஆளுக்கு ஒரு தாளில் குற்றால அருவியின் ஒரு துண்டை வரைவது, எல்லாவற்றையும் சேர்த்து மாடியிலிருந்து தொங்கவிடுவது என்று திட்டம். பிள்ளைகள் பிரமாதமாக வரைந்தார்கள். நான்தான் சாரல் விழுகிற சீசன் நேரம் என்பதை மறந்து, ஈரம் காயாத தாள்களை அடுக்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

மூன்று நாள் சாரல். திறந்து பார்த்தால் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தது. பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெருக்க வந்த பேச்சியக்கா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "என்ன டீச்சர், படம் வரையச் சொன்னியளா, கொத்துப் பரோட்டா போடச் சொன்னியளா?"

ஐந்து கூடைகள்

அன்றைக்குத்தான் புத்தி வந்தது. புளியங்குடி கமிஷன் கடையில் வேலை பார்க்கும் ஒரு பிள்ளையின் அப்பா, எலுமிச்சை ஏற்றுகிற பழைய பிளாஸ்டிக் கூடைகள் ஐந்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஐந்து வரிசைக்கு ஐந்து கூடை. ஒவ்வொன்றிலும் ஏழு பிரஷ், ஏழு கிண்ணம், ஒரு துணி. எண்ணிப் பார்த்து எல்லாம் சரியாக இருந்தால்தான் அந்த வரிசை வெளியே போகலாம். அறைக்குக் குறுக்கே கொடி கட்டி, பிள்ளைகள் மறுபடி வரைந்த தாள்களைத் துணி கிளிப்பில் மாட்டி, பின்பக்கம் நம்பரும் போட்டேன்.

இரண்டே வாரத்தில் பெல் அடிக்கும் முன்பே அறை பளிச்சென்று ஆகத் தொடங்கியது. பெருமையாக இருக்காதா? முதல் வரிசை இசக்கியம்மாள் ஒருநாள் வந்து சொன்னாள்: "நம்ம வீட்டுலயும் இப்படிக் கூடை வைப்போம்னு எங்கம்மாட்ட சொன்னேன் டீச்சர். மொதல்ல ஒங்க டீச்சர் வீடு எப்படிக் கெடக்குன்னு பாத்துட்டு வா, அப்புறம் வைப்போம்னு சொல்லுதா."

அவள் அம்மாவுக்கு என் வீட்டைப் பற்றி யார் சொன்னார்கள் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

முத்தரசியின் தாள்

அருவி தரையில் விழும் இடம் முத்தரசிக்கு. அவள் நீட்டிய தாளில் ஓரத்தில் லேசாக இரண்டு நீலக் கோடு, மற்றபடி வெள்ளை. கூட்டத்துக்கு நாலே நாள் இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏட்டி, ஒண்ணுமே வரையலியே, வேற பிள்ளைகிட்ட குடுத்துரட்டுமா?" என்று கேட்டேன். அவள் தாளை விடவில்லை. அப்பா போலீஸ்காரர், அருவியில் சீசன் டியூட்டி. மகளும் அடிக்கடி கூடப் போகிறவள்.

"விழுத எடத்துல ஒண்ணுமே தெரியாது டீச்சர். எங்கப்பா கையப் பிடிச்சிக்கிட்டுதான் நின்னேன், எங்கப்பாவயே தெரியல."

நான் அந்தத் தாளையும் கொடியில் மாட்டினேன்.

கூட்டத்தன்று

காலையிலேயே நம்பர் பார்த்து ஒட்டி, மாடியிலிருந்து இறக்கிவிட்டோம். கோடுகள் அங்கங்கே சேரவில்லை. ஓரிடத்தில் தண்ணீர் பச்சை, பக்கத்தில் ஊதா. முத்தரசியின் அப்பா காக்கி உடுப்போடு டியூட்டியிலிருந்து நேராக வந்தார். ஓவியத்துக்குப் பதில் கம்ப்யூட்டர் வையுங்கள் என்று முதலில் கேட்டவரே அவர்தான். மகளின் தாளுக்கு முன்னால் குனிந்து, "எம்மவ வெறுந்தாளத் தந்துருக்காளே" என்றார். கேட் பக்கம் போய் நின்று பாருங்கள் என்றேன்.

போனார். அங்கிருந்து பார்த்தால் கோணல் கோடெல்லாம் தண்ணீராகிவிட்டது. அந்த வெள்ளைத் தாளில்தான் மொத்த அருவியும் விழுந்து நுரைத்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்து, பெரிய டீச்சர் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னார்: "சீசன் பூரா அங்கனதான் நிக்கேன் டீச்சர். ஆளுகளத்தான் பாத்துருக்கேன். அருவிய இன்னைக்குத்தான் பாக்கேன்."

கூட்டம் கலைந்த பிறகு பெரிய டீச்சர் தன் சாவிக்கொத்திலிருந்து ஓவிய அறைச் சாவியை மட்டும் கழற்றி என் கையில் வைத்தார். "நீங்களே வச்சிக்கிடுங்க. கம்ப்யூட்டர எங்கன வைக்கன்னு நான் பாத்துக்கிடுதேன்."

கையில் ஒட்டிய நீலக் கலர் நாலு நாளில் போய்விட்டது, தலையில் ஏறிய கனம்தான் இன்னும் இறங்கவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.