நாலு பேருக்கு ஒரு சஹன்

பாஸிலா அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. திண்டுக்கல் பேகம்பூரில் வீடு. பஸ் ஸ்டாண்டு பக்கம் கணவர் மன்சூரின் செருப்புக் கடை. அக்காவின் தொழில் என்ன என்று கேட்டால் அவருக்கே ஒரு சொல்லில் சொல்ல வராது. "ஆளுங்கள வட்டமா உக்கார வச்சுப் பேச விடுறது" என்பார். தாய்மார் குழு, வளரிளம் பெண்கள் குழு, தோல் வேலை செய்யும் பெண்களின் குழு என்று இருபது வருடமாகப் பாயில் உட்கார்ந்து கூட்டம் நடத்தியவர். கூட்டத்தில் ஒருவரே விடாமல் பேசினால், எழுந்து போய் அவர் பக்கத்தில் சும்மா நிற்பாராம். அவ்வளவுதான், குரல் தானாக இறங்கிவிடுமாம்.

போன வருடம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. குழு நடத்துகிறவர்களுக்கென்றே ஆன்லைனில் ஒரு சோதனைப் பட்டறை. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, வாரம் ஒரு புது முறையைச் செய்து பார்க்க வேண்டும். "சொதப்புறதுக்குத்தான் இந்த இடம். இங்க சொதப்பிட்டு அங்க போய் நல்லா நடத்துங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வடமதுரையில் ஏழெட்டுப் பேரை வைத்து மாதம் ஒரு கவிதைக் கூட்டம் நடத்துகிறவன் என்ற தகுதியில் நானும் சேர்ந்தேன்.

சொதப்பினோம், நன்றாகவே சொதப்பினோம். எல்லோரும் கண்ணை மூடிக் குரலை மட்டும் கேட்போம் என்ற வாரம் ஒருவர் குறட்டை விட்டார். திருட்டுத்தனமாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் மூச்சுக்கு மூச்சு எரிந்து அணைந்தது. "வலது பக்கம் இருக்கவங்க அடுத்துப் பேசுங்க" என்ற வாரம்தான், ஒவ்வொருவர் திரையிலும் வலது பக்கம் வேறு வேறு ஆள் என்பதே எங்களுக்குத் தெரிந்தது. மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசி, மூவரும் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். கூட்டத்தைச் சிறு அறைகளாகப் பிரிக்கும் பொத்தானைக் கண்டுபிடித்த அன்று அக்கா துள்ளலாக, "இப்ப எல்லாருக்கும் ஒரு அறை விடப்போறேன்!" என்றார்.

"என்ன மேடம் தப்புப் பண்ணோம்?" என்றார் ஞானராஜ்.

ஞானராஜ் விவசாயிகள் குழு நடத்துகிறவர். ஐம்பதைத் தாண்டியவர், நல்ல மனிதர். ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. திரையில் அவர் பக்கத்தில் போய் நிற்க அக்காவுக்கு இடமில்லை. அவர் பேசப் பேச மற்றவர்கள் ஊமையானோம். முப்பது பேராக இருந்தவர்கள் பதினாறு பேராகக் குறைந்தோம்.

பதினாறு பேரில் ஒருத்தி முத்துப்பேச்சி. சித்தையன்கோட்டைப் பெண், இருபத்து மூன்று வயது, பெண் பிள்ளைகள் குழு நடத்தப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். மூன்று மாதம் ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. முடியும்போது "நன்றி மேடம்" என்று தட்டச்சு செய்துவிட்டுப் போய்விடுவாள். "பேருல மட்டும் பேச்ச வச்சுக்கிட்டா ஆச்சா தாயி?" என்று ஞானராஜ் ஒருமுறை கேட்டதற்கும் ஒரு சிரிப்புப் பொம்மைதான் பதில்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்காவுக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. புதன்கிழமை பதினெட்டுப் பெண் பிள்ளைகளை வைத்து அவள் முதல் கூட்டம் நடத்த வேண்டும். "எனக்கு வராது மேடம். திங்கக்கிழமை ஆபீஸ்ல சொல்லி வேலைய விட்டுரலாம்னு இருக்கேன்." அக்கா உடனே அழைத்திருக்கிறார். அவள் எடுக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை மட்டும் வந்துரு. அப்பறம் உன் இஷ்டம்" என்று எழுதியிருக்கிறார். இதையெல்லாம் பிற்பாடு முத்துப்பேச்சியே எங்களுக்குச் சொன்னாள்.

சனிக்கிழமை மன்சூர் அண்ணன் கீழக்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து புலம்பியிருக்கிறார். "நாலு பேரு ஒரு சஹன்ல உக்காந்தோம் பாஸிலா. எதிர்ல இருந்தவன் கை என் பக்கம் வரைக்கும் வருது! சஹன்ல உக்காரத் தெரியாதவனையெல்லாம் எதுக்குக் கூப்புடுறாங்க?"

அக்கா குடித்துக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டு, "என்னங்க, திரும்பச் சொல்லுங்க!" என்று கத்தினாராம்.

மறுநாள் பதினொரு மணிக்குத் திரையில் அக்காவின் முகமே இல்லை. பெரிய பித்தளைத் தாம்பாளம் ஒன்று திரையை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"இதான் சஹன். எங்க அம்மா ஊருல கல்யாணச் சோறு இதுலதான். நாலு பேரு சுத்தி உக்காந்து ஒண்ணாச் சாப்புடணும். இன்னைக்கு நம்மளும் நாலு நாலு பேரா உக்காரப் போறோம். நடுவுல சோத்துக்குப் பதிலா ஒரு கேள்வி. உங்க கூட்டத்துல யாருமே பேசாத ஒரு நாளப் பத்திச் சொல்லுங்க. ஆளுக்கு ரெண்டு நிமிசம். உங்க முன்னாடி இருக்கிறதுதான் உங்க பங்கு. அடுத்தவங்க பக்கம் கை நீட்டப்படாது. அவங்க சாப்புடாம சும்மா இருந்தாலும் அது அவங்க பங்குதான். நல்ல கறித்துண்டு கெடச்சா, பக்கத்தாளு பக்கம் தள்ளி வைக்கணும்."

"எனக்குச் சர்க்கரை இருக்கு மேடம். சோறு கம்மியாத்தான் எடுப்பேன்" என்றார் ஞானராஜ்.

"அப்ப பேச்சும் கம்மிதானண்ணே!"

பதினாறு கட்டங்களும் குலுங்கின. பொத்தானை அழுத்தினார். எங்கள் சஹனில் ஞானராஜ், கன்னிவாடி மரியசெல்வி டீச்சர், முத்துப்பேச்சி, நான். இந்த நாலு பேரில் அவளைப் போட்டது தற்செயலா, அக்காவின் வேலையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஞானராஜ் ஆரம்பித்தார். மழை பொய்த்த வருடம் அவர் குழு ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் கலைந்ததைச் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு வாக்கியத்தின் நடுவில், ஆமாம், நடுவில், நிறுத்தினார். "என் பக்கம் காலி. இந்தாம்மா பேச்சி, கறித்துண்டு உன் பக்கம்."

அவள் முகம் கட்டத்துக்குள் அசையாமல் இருந்தது. பின்னால் எங்கோ ஒரு மோட்டார் ஓடியது. பத்து வினாடி. இருபது வினாடி. மரியசெல்வி டீச்சர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். ஞானராஜ் தன் வாயையே கையால் பொத்திக்கொண்டார். நாற்பது.

"எனக்கு இன்னும் கூட்டமே இல்ல சார்" என்றது ஒரு குரல். எவ்வளவு கனமான குரல்! "புதன்கெழமதான் மொதக் கூட்டம். அதுனால இந்தக் கூட்டத்தப் பத்தியே சொல்லலாமா?"

மூவரும் தலையை ஆட்டினோம். அவள் ஒரு நோட்டைத் திறந்தாள்.

"ஞானராஜ் சார் பேச ஆரம்பிச்சா டீச்சர் கண்ணாடியத் தொடைப்பாங்க. அமலன் அண்ணன் மியூட்ட எடுப்பாரு, போடுவாரு. ஒரு நாளு ஒன்பது தடவ. ஒரு தடவயும் பேசல."

அந்த அமலன் நான்தான். எனக்குக் காது சூடானது. டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்போதுதான் திரையின் மூலையில் ஐந்தாவது கட்டம் முளைத்தது. ஒவ்வொரு சஹனாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்த பாஸிலா அக்கா. முத்துப்பேச்சி கவனிக்கவில்லை. அவள் கண் நோட்டில் இருந்தது.

"மேடம் நல்லாக் கேள்வி கேப்பாங்க. ஆனா கேட்டுட்டு ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணுறதுக்குள்ள அவங்களே பதிலச் சொல்லிருவாங்க. இல்ல, சார் சொல்லிருவாரு. நான் நாலுலதான் வருவேன். பன்னெண்டு வாரமா நாலுலதான் வந்துக்கிட்டு இருக்கேன்."

தலையை நிமிர்த்தினாள். ஐந்தாவது கட்டத்தைப் பார்த்தாள். "அய்யோ, மேடம்!"

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. இருபது வருடமாகக் கூட்டம் நடத்துகிறவர். பதில் சொல்ல வாய் திறந்தார். திறந்த வாயை மூடினார். கையைத் தூக்கி ஒரு விரலை நீட்டினார். இரண்டு. மூன்று. நான்காவது விரலை நீட்டிவிட்டு, முத்துப்பேச்சியையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"புதன்கெழம" என்றாள் அவள். இந்த முறை நோட்டைப் பார்க்கவில்லை. "புள்ளைங்கள நாலு நாலாப் பிரிச்சு உக்கார வச்சா ரெண்டு பேரு மிஞ்சும் மேடம். அந்த ரெண்டு பேரு கூட நான் உக்காந்துக்கிறேன்."

அக்கா அந்த நேரம் பார்த்து மியூட்டில் இருந்தார். என்ன கத்தினாரோ தெரியாது. மன்சூர் அண்ணன் என்னமோ ஏதோ என்று துண்டோடு ஓடி வந்து திரைக்குள் எட்டிப் பார்த்தது மட்டும் தெரிந்தது.

திங்கட்கிழமை வேலையை விடுவதாகச் சொல்ல அவள் ஆபீசுக்குப் போகவில்லை. புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வாட்ஸப் குழுவில் முத்துப்பேச்சியின் குரல் பதிவு ஒன்று வந்தது. பதினொரு நிமிடம்! "இம்புட்டு நீளமா?" என்று ஞானராஜ் எழுதினார். அவர் அதைச் சொல்லலாமா என்று ஆளுக்கு ஆள் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நான் பஸ்ஸில் நின்றுகொண்டே இரண்டு முறை கேட்டேன். கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் எண்ணத் தொடங்கினாளாம். நாலில் யாரும் பேசவில்லை. பத்திலும் இல்லை. பதினாலிலும் இல்லை. பதினைந்தில் கடைசி வட்டத்தில் ஒரு பிள்ளை, "என்னக்கா, மறந்துட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அதன் பிறகு ஒருத்தியும் வாயை மூடவில்லையாம்.