பொக்லைனைத் தொடாத பிள்ளை

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு தொடக்கப்பள்ளியில் பன்னிரண்டு நாள் வேலை பார்த்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு எண் கற்றுத்தரும் மென்பொருளைச் சென்னை நிறுவனம் ஒன்று செய்திருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது எளிதாக இருக்கிறதா, பிடிக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். டேப்லெட்டைக் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வேன். உதவக் கூடாது என்பது விதி. எங்கே தவறாகத் தொடுகிறார்கள், எப்போது சிரிக்கிறார்கள், எதில் நிறுத்துகிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் படிவத்தில் கட்டம் இருந்தது.

அதிலிருந்த விளையாட்டுகளில் மூன்றாவதற்குத்தான் வரவேற்பு அதிகம். மஞ்சள் பொக்லைனை விரலால் இழுத்து, திரை கேட்கும் எண்ணிக்கையில் குழி தோண்ட வேண்டும். மண் சரியும் சத்தத்துக்கே பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒரு சிறுமி மட்டும் அதைத் தொடவில்லை. முதல் இரண்டையும் பிழையில்லாமல் முடித்தவள், பொக்லைன் வந்ததும் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். காத்திருந்தேன். திரை தானாக அணைந்தது. 'இழுக்கும் முறை புரியவில்லை' என்று எழுதினேன்.

மதியம் அவளுடைய ஆசிரியையிடம் சொன்னேன். "நல்லாப் படிக்கிற பொண்ணுன்னு சொன்னீங்க. இது மட்டும் புரியலையே டீச்சர்?"

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தார். "புரியாம இல்லைங்க. போன வருஷம் எண்ணெய்க் குழாய் பதிக்க அவங்க வயல்லதான் பொக்லைனை எறக்குனாங்க. கதிர் பால் புடிக்கிற நேரம். அவங்க அப்பா குறுக்கப் போயி நின்னாரு. போலீஸ் வேன்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க. இந்தப் புள்ள வரப்புல நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கு."

நான் அதிராம்பட்டினத்துக்காரி. அப்பாவுக்குக் கடலில்தான் தொழில். வயலை இழப்பது என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பது தெரியும். எழுதியிருந்ததை அடித்தேன். அந்தக் கட்டத்தில் வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

மறுநாள் விதியை மீறி அவளருகே உட்கார்ந்தேன். "இது வேணாம்னா சொல்லும்மா. தாண்டிப் போயிடலாம்."

"தாண்டலாமா மிஸ்?" என்று கேட்டாள். அப்படி ஒரு வழி இருப்பதாக அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. திரையின் மூலையில் இருந்த சின்னப் பட்டனைக் காட்டினேன். அடுத்து வந்த வாத்துகளை எண்ணினாள். ஒரு தவறும் இல்லை. சிரிக்கவும் இல்லை.

சாயங்காலம் சென்னைக்குப் போன் செய்தேன். என் மேலாளர் பொறுமையாகக் கேட்டார்.

"கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஒரு குழந்தைக்காக அதை எடுக்க முடியாதுங்க. மத்தவங்களுக்கெல்லாம் அதுதானே பிடிச்சிருக்கு?"

அவர் சொன்னதும் பொய்யில்லை. என் படிவங்களே அதற்குச் சாட்சி. "தாண்டுற பட்டனையாவது பெருசா, கண்ணுல படுற மாதிரி வைங்க" என்றேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னார்.

வெளிவந்த மென்பொருளில் பட்டன் பெரிதாகியிருந்தது. பொக்லைனும் இருந்தது. அதன் பிறகு எந்தப் பள்ளிக்குப் போனாலும் டேப்லெட்டை எடுப்பதற்கு முன் ஆசிரியர்களிடம் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பேன். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. அவர்கள் சொல்வதைப் பின்பக்கத்தில் எழுதி அனுப்புவேன். அதை யாராவது திருப்பிப் பார்த்தார்களா என்பது தெரியாது.