அவள் பார்த்த திசை

ஃபிரேம்காரர் எதையும் ஒரு தடவை பார்த்து நம்பியதில்லை. மரக்கடையில் அளந்து கொடுத்த சட்டத்தைத் தன் கடைக்கு வந்து மறுபடி அளப்பார். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வருவார்.

மாடியில் குடியிருந்த ஓவியன் வரைய ஆசைப்பட்டுக் கேட்டதால், அவரும் மனைவியும் மூன்று நாள் அவன் முன்னால் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு மாதம் கழித்துப் படம் சட்டம் போடக் கடைக்கு வந்தது. அவர் முகம் பச்சை, அவள் முகம் பாதி நீலம். நிறத்தை அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது அவள் கண். அது அவரைத் தாண்டி, படத்தை விட்டே வெளியே போயிருந்தது.

“படத்துக்கு உக்காந்தப்ப எங்க பாத்தே?”

“எங்கயோ பாத்தேன். ஏன், அதுக்கும் விசாரணையா?”

எங்கயோ. அந்த ஒரு சொல் அவரைச் சாப்பிட விடவில்லை. சட்டத்தின் கோணம் சரிபார்க்கும் நூலோடு மாடி ஏறினார். அவள் உட்கார்ந்த நாற்காலியில் நூலைக் கட்டி, படத்தில் கண் போன சாய்வுக்கு இழுத்துக்கொண்டே போனார். கதவுத் தாழ்ப்பாளில் போய் முட்டியது.

ஓவியன் சிரித்துவிட்டான். “நீங்க போலீஸ்ல சேந்திருக்கணும்ணே. நான் என்ன ஃபோட்டோவா எடுத்தேன்? மனசுல பட்டதை வரைஞ்சேன்.”

“என்ன பட்டுச்சு? அவ ஏதாச்சும் சொன்னாளா உங்கிட்ட?”

“அவங்க வாயே திறக்கல. கண்ணை விடுங்க, உங்க கையைப் பாருங்க.”

இறங்கி வந்து பார்த்தார். அவள் தோளில் அவர் கை. பசை காயும்வரை மரத்தை இறுக்கி வைக்கும் கிளாம்ப் மாதிரி விரல்கள்.

“இப்படியா புடிச்சிருந்தேன்?” மனைவியைக் கேட்டார்.

“மூணு நாளும். தோளையே தூக்க முடியல.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா, ஏன் சொன்னான்னு ஒரு வாரம் யோசிப்பீங்க.” பையில் இரண்டு புடவை வைத்தாள். “அக்கா வீட்ல நாலு நாள் இருந்துட்டு வரேன்.”

எந்த பஸ், யார் கூட்டிப் போக வருவார்கள், ஏன் நாலு நாள்: எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. “சரி, போயிட்டு வா” என்று மட்டும் சொன்னார். அவள் வாசலில் நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

அன்று காலை பதினொன்றரைக்கு அவர் அக்கா வீட்டுக்குப் போன் போட்டார். மறுமுனையில் அக்கா.

“வந்து சேந்துட்டா. இங்க ஒரு பந்தயம் ஓடிட்டிருந்துச்சு. மத்தியானத்துக்குள்ள வேவு பாக்கக் கூப்பிடுவீங்கன்னு நான் சொன்னேன். இந்தத் தடவை மாட்டாருன்னு அவ அடிச்சுச் சொன்னா.”