கையால் பார்த்து வாங்கிய பெடல்

காலால் மிதிக்கிற ஒரு சாமானை மேஜைமேல் வைத்துக் கையால் அமுக்கிப் பார்த்து வாங்கிய ஆளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் தாம்பரம் சர்ச் சபையின் செயலாளர் அவர், ரயில்வேயில் ஆபீசர். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவருக்கும் என்னை அப்படித்தான்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. நான் பள்ளிக்கூட டீச்சர். சர்ச்சில் கால் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு காலாலும் மாறி மாறி மிதித்துக் காற்றடித்தால்தான் அதில் சத்தம் வரும். வெளிநாடு போன ஒரு குடும்பம் தங்கள் எலக்ட்ரானிக் ஆர்கனை சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. காலால் அமுக்க அமுக்கச் சத்தம் கூடுகிற வால்யூம் பெடல் மட்டும் உடைந்திருந்தது. செயலாளரும் நானும் பம்மலுக்குப் போனோம். அங்கே ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் இரண்டு விதமாகச் செய்து வைத்திருந்தார்.

"இதுல ஸ்பிரிங் கீது சார். கால எடுத்தா சவுண்டு தானா எறங்கிடும். அது டைட்டு, வுட்ட எடத்துலயே நிக்கும்" என்றார் அவர்.

சவுண்டு இறங்கும் என்றதுமே செயலாளர் முகம் மலர்ந்தது. முன் பெஞ்சில் நின்று ஒவ்வொரு பாட்டையும் ஜவ்வாக இழுப்பவர் அவர். நான் வேகமாக வாசித்தால் சபை என் பின்னால் வந்துவிடும் என்பதுதான் அவருடைய வயிற்றெரிச்சல்.

எனக்கு டைட்டானதுதான் வேண்டும் என்றேன். மிதித்து மிதித்துப் பழகின கால் சும்மா இருக்காது. டைட்டானதில் சத்தத்தின் அளவை வைத்துவிட்டுக் காலை எடுத்துவிடலாம். சொன்னதை அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே!

"பாட்டு முன்னால போகணும் டீச்சர். ஆர்கன் அடக்கமா பின்னால வரணும்." ஸ்பிரிங் பெடலை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்து, "இதான் லேசா இருக்கு" என்று பார்சல் கட்டச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நான் பயந்தபடியே ஆயிற்று. முதல் பாட்டிலேயே என் வலது கால் பழக்கதோஷத்தில் மிதிக்க ஆரம்பித்தது. சத்தம் எகிறியது, அமுங்கியது, மறுபடி எகிறியது. பெண்கள் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் செயலாளர், எல்லார் காதிலும் விழும்படி, "டீச்சருக்கு வயசாயிடுச்சு. இனிமே என் பொண்ணு வாசிக்கட்டும்" என்றார். எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. தனியாக இருந்த எனக்கு அந்த ஊரில் என்னுடையது என்று இருந்தது அந்த ஆர்கன் ஸ்டூல் ஒன்றுதான். வீட்டுக்கு வந்து அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகை.

அடுத்த ஞாயிறு அவர் மகள் உட்கார்ந்தாள். அவளும் மிதித்தாள். மிதிக்காமல் என்ன செய்வாள்? அதே கால் ஆர்மோனியத்தில் அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் அப்பாவைப் பார்க்கத் துளியும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் என் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். "பண்டிகை வருது. நீங்களே வாசிங்க டீச்சர்."

நான் கேட்டைத் திறக்கவில்லை. "வாசிக்கிறேன் சார். நீங்க கீழ உக்காந்து பெடலைக் கையால அமுக்குங்க. கையாலதானே பார்த்து வாங்குனீங்க?"

அவர் திரும்பி நடந்தார். அந்த வாரக் கடைசியில் டைட் பெடல் வந்து ஆர்கனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தது.

ஞாயிறு காலை அவர் முன் பெஞ்சில் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நான் பெடலை அடிவரைக்கும் மிதித்துவிட்டு, காலை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டேன். அது விட்ட இடத்திலேயே நின்றது. கடைசிச் சரணம்வரை அவர் வாய் திறந்து திறந்து மூடியதுதான் தெரிந்தது.